எல்லாம் அம்மிணி பேரில்

தன்னுடைய மூக்குக் கண்ணாடியைத் தானே உடைத்துக்கொண்ட குற்றத்துக்காக லோகேஷ் மேல் முதல் புகார் பதிவானபோது, பிருந்தாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவள் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் டக்கென்று ஒரு சத்தம். கூடவே மேடை மேல் கிடந்த போன் கிணுகிணுத்து, பக்குவமான ஒரு பெண் குரலில் பேசியது. “உங்கள் உடைமை ஒன்று சேதப்படுத்தப்பட்டுள்ளது. சேதப்படுத்தியவர் உங்கள் கணவர். புகார் பதிவாகிவிட்டது. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?”

பிருந்தா கீரையும் கையுமாக ஓடினாள். லோகேஷ் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டாய்ப் போன கண்ணாடியைத் தரையில் துழாவிக்கொண்டிருந்தார்.

“துடைக்கலாம்னு எடுத்தேன் அம்மிணி. கை வெடுக்குன்னு உதறிருச்சு.”

“உங்க கண்ணாடி உடைஞ்சதுக்கு, நான் பத்திரமா இருக்கறனான்னு கேக்குதுங்க மாமா இது.”

“எங்கண்ணாடியா? இந்த வூட்ல என்னுதுன்னு என்ன இருக்குது? எல்லாம் உன்னுதுதான.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

புகார் கொடுத்த அந்தப் பொட்டு எது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். கடுகில் பாதி இருக்கும். சட்டையோ, சைக்கிளோ, சாப்பாட்டு மேசையோ, கடையில் விற்கிற எந்தச் சாமானிலும் அது ஒட்டிக்கொண்டேதான் வரும். அந்தச் சாமான் யாருடையது என்று அதற்குத் தெரியும். எந்தக் கை தொடுகிறது என்பதும் தெரியும். உடைந்துபோனால், அது கை நழுவி விழுந்ததா, ஆத்திரத்தில் விட்டெறிந்ததா என்பதையும் சொல்லிவிடும். விட்டெறிகிற கை, பொருளை விடுவதற்கு முன்னால் ஒரு வெட்டு வெட்டி உதறும். நழுவவிடுகிற கை உதறாது. அந்த ஒரு வித்தியாசம் போதும் பொட்டுக்கு. ஒரே வீட்டில் இருப்பவர் உடைமையை வெறியோடு உடைத்தால் குற்றம். பொட்டே புகார் கொடுத்துவிடும். முதல் தடவைக்கு எச்சரிக்கை, இரண்டாம் தடவைக்கு வகுப்பு, மூன்றாம் தடவைக்கு ஓராண்டு வீட்டை விட்டு விலக்கு; போக்கிடம் இல்லாதவர்களுக்கு விலக்கு விடுதி.

இந்தச் சட்டத்தை எழுதிய குழுவில் பிருந்தாவும் ஒருத்தி.

உடுமலையில் அவள் பெண்கள் உதவி மையம் நடத்திய காலத்தில், அடிபட்டு வந்தவர்களை விட, அடிபடாமல் வந்தவர்களைப் பார்த்துத்தான் அதிகம் கலங்கியிருக்கிறாள். ஒருத்தியின் போனைப் புருஷன் கிணற்றில் போட்டிருப்பான். இன்னொருத்தியின் படிப்புச் சான்றிதழ்களை மாமனார் அடுப்பில் வைத்திருப்பார். ஹரிணி என்று ஒரு பெண். அவள் துணி தைத்துப் பிழைப்பது பொறுக்காமல் அவள் கணவன் தையல் மிஷினைச் சம்மட்டியால் அடித்துச் சப்பையாக்கியிருந்தான். உடம்பில் தழும்பிருந்தால் வழக்கு நிற்கும். பொருள் உடைந்தால், என் வீடு, என் காசு, உனக்கென்ன என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மீறிப் புகார் கொடுத்தாலும் சாயங்காலமே அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து வாபஸ் வாங்க வைப்பார்கள். இல்லையென்றால் நரம்புத் தளர்ச்சி, மனஅழுத்தம் என்று டாக்டர் சீட்டோடு வந்து நிற்பார்கள்.

அதனால் ஒன்பதாம் பிரிவை அவள் சண்டை போட்டு எழுதி வாங்கினாள். புகாரை யாரும் வாபஸ் வாங்க முடியாது. எந்த டாக்டர் சீட்டும் அதை நிறுத்தாது. புகார் பதிவான பிறகு, மிரட்டி எழுதி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, எந்தப் பொருளையும் உடைத்தவர் பேருக்கு மாற்றவும் முடியாது. மேல்முறையீடு உண்டு, ஆனால் அது விலக்கு தொடங்கிய பிறகுதான். சட்டம் வந்த வருடம் ஹரிணியின் கணவன்தான் அந்தப் பக்கத்தில் முதலில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவன். அன்று இரவு ஹரிணி கதவைச் சாத்திக்கொண்டு விடியவிடியத் தைத்தாள் என்று கேள்விப்பட்டபோது பிருந்தா அழுதுவிட்டாள்.

வீடு வீடாகப் பொட்டுப் பதிய நகராட்சி ஆட்கள் வந்த நாளை லோகேஷ் ஒரு திருவிழா மாதிரி கொண்டாடினார். கையடக்கக் கருவியால் ஒவ்வொரு சாமானையும் தொட்டு, இது யார் பேரில் என்று அவர்கள் கேட்கக் கேட்க, வெற்றிலை போட்ட வாயோடு அவர் ஒரே பதிலைச் சொன்னார். “அம்மிணி பேர்ல போடுங்க.” வீடு, பீரோ, மிக்ஸி சரி. அவருடைய வேட்டி? அம்மிணி பேர்ல. சவரக் கத்தி? அம்மிணி பேர்ல. செருப்பு? “அதும் அம்மிணி பேர்லதானுங்க. நான் நடக்கறதே அவ பேரச் சொல்லித்தான்.” பதிய வந்த பையன், சார், உங்களுக்குன்னு ஏதாவது ஒண்ணு வெச்சுக்குங்க என்று கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை. சட்டம் எழுதியவளின் புருஷன் என்ற பெருமை அவருக்குத் தலைக்கேறியிருந்தது. பிருந்தா அடுப்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்தக் கூத்து பிடித்துத்தான் இருந்தது.

பத்துப் பதினைந்து வருடம் அந்த வீட்டில் ஒரு புகாரும் பதிவாகவில்லை. ஏனென்றால் லோகேஷ் எதையும் உடைக்கிற ஆள் இல்லை.

கண்ணாடி உடைந்த பிறகு கோயமுத்தூர் டாக்டரிடம் போனார்கள். அவர் லோகேஷை நடக்கச் சொன்னார், விரலைச் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார், கையெழுத்துப் போடச் சொன்னார். கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. உதறுவாதம் என்றார். மருந்தால் தள்ளிப் போடலாம், தடுக்க முடியாது. பேச்சும் நடையும் நன்றாக இருக்கிற காலம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதைச் சந்தோஷமாகக் கழியுங்கள் என்றார்.

வரும் வழியில் லோகேஷ் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பொட்டைப் பற்றித்தான் பேசினார்.

“அப்ப நான் எதைக் கீழ போட்டாலும், அதுக்கு நான் கோவமா எறிஞ்ச மாதிரிதான் தெரியும்?”

“ஆமாங்க மாமா. உதறல்தான் அதுக்குக் கணக்கு.”

“ஒம்பதாம் பிரிவுல வியாதிக்காரனுக்கு எடமில்ல, இல்லையா?”

அந்த வரியைப் பிருந்தாவே சொல்லிச் சொல்லி, தட்டச்சு செய்தவன் சலித்துப்போகிற அளவுக்குத் திருத்தியிருக்கிறாள்.

இரண்டாவது, காப்பிக் கோப்பை. கல்யாணமான மறுநாளிலிருந்து காலைக் காப்பி லோகேஷ் போடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அவள் எழுந்து வருவதற்குள் போட்டு, ஆற்றி, கையில் கொடுப்பார். அன்றைக்கும் கொடுக்க வந்தார். கோப்பை சுவரில் போய் அடித்தது. பிருந்தா காப்பியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அவளைப் பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்டது. அவள் அதைச் சனியனே என்று திட்டினாள்.

வகுப்புக்குப் போய் வந்த லோகேஷ் கதை கதையாகச் சொன்னார். அங்கே எல்லாரும் முரட்டு ஆட்களாம். கோபம் வந்தால் பத்து எண்ண வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தாராம். “நான் எந்திரிச்சு, எனக்குக் கோவமே வரலீங்க, கைதான் வருதுன்னு சொன்னேன் அம்மிணி. எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்கன்னு உக்கார வெச்சுட்டாரு.” சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் தொடுவதை விட்டுவிட்டார்.

கதவை அவள்தான் திறந்துவிட வேண்டும். சோறு அவள்தான் ஊட்ட வேண்டும்; தட்டு உடையாது, நசுங்கினாலும் புகார்தானே என்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கு இருக்கிறது என்று தரையில் பாயை விரித்துப் படுத்தார். காலையில் அவள் போட்ட காப்பியை அவளே அவர் வாயில் வைத்தாள். அவர் நாக்கைச் சுட்டுக்கொண்டு, நல்லா இருக்குது என்று பொய் சொன்னார். வீட்டுக்கு வந்த விருந்தாளி கூட இன்னும் கொஞ்சம் உரிமையாக நடமாடுவான்.

ஒருநாள் பிருந்தா பொறுக்காமல் கத்திவிட்டாள். “உடைங்க! எதையாவது எடுத்து உடைங்க மாமா! நான் போயி அந்தக் குழுக்காரங்க சட்டையப் புடிச்சுக் கேக்கறேன், எம்புருசனுக்கு மட்டும் ஒரு வரி சேருங்கடான்னு!”

“சேத்தா?” என்றார் லோகேஷ். “நாளைக்கே ஊருல இருக்கற அத்தன பேருக்கும் கை உதற ஆரம்பிச்சுரும். ஹரிணி புருசனுக்கு மொதல்ல உதறும். நீ எழுதுனது நல்ல சட்டம் அம்மிணி. அதுல ஓட்டை போட்டறாத.”

“அப்ப நீங்க?”

“நான் சூதானமா இருந்துக்கறேன். உன்னைய உட்டுட்டு அந்த விடுதியில போயி இருக்கறதுக்கு, கையக் கட்டிட்டு உன்ற பக்கத்துல இருக்கறது எவ்வளவோ தேவல.”

அவளுக்கும் வேண்டியிருந்தது அதுதான். வேறொன்றும் இல்லை. அவர் பேச்சு குழறாமல் இருக்கிற காலம் கொஞ்சம்தான். அதில் ஒரு முழு வருடத்தை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மூன்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பிருந்தா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தலை தொட்டி விளிம்பில் இடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே லோகேஷ் அம்மிணி, அம்மிணி என்று கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்டது. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் வெளியே சத்தமே இல்லை. அப்புறம் இரும்பை இழுத்து வருகிற ஓசை. தேங்காய் உரிக்கிற கடப்பாரை. பிருந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. மாமா, எனக்கு ஒண்ணுமில்லீங்க, உடைக்காதீங்க, சித்த நேரம் பொறுங்க என்று சொல்ல முயன்றாள். முனகல்தான் வந்தது. அந்த முனகல் அவரை இன்னும் உசுப்பிவிட்டது போலும். கதவில் முதல் அடி விழுந்தது. நடுங்குகிற கையில் கடப்பாரை எங்கெங்கோ போய் அடித்தது. சுவர் காரை பெயர்ந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. கதவு பிளந்து, அந்தப் பிளவின் வழியாக அவர் முகம் தெரிந்தபோது, அவளுக்குத் தலைவலியும் மறந்து போனது.

அவளைத் தூக்கி நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, கட்டிலில் உட்கார வைத்தார். பல நாள் கழித்து அவர் கை அவள் மேல் பட்டது. அடுப்படியில் போன் அதன் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“பாத்தியா,” என்றார் லோகேஷ், மூச்சு வாங்கிக்கொண்டே. “இந்தவாட்டி அது பொய் சொல்லல. நெசமாலுமே நாந்தான் உடைச்சேன்.”

மறுநாள் காலை இல்லக் காவல் அலுவலர் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். யாழிசை என்று சட்டையில் பேர் இருந்தது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிருந்தாவைப் பார்த்ததும் கை கூப்பினாள். பிளந்து கிடந்த கதவையும், பிருந்தாவின் நெற்றிக் கட்டையும், தொடைக்கு அடியில் கையை வைத்திருந்த லோகேஷையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததைப் பிருந்தா சொல்லச் சொல்ல அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது.

“நான் நம்பறேன் மேடம்,” என்றாள். “ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“தெரியும் கண்ணு. இருந்தாலும் கேட்டுப் பாத்தேன்.”

“நான் இங்க நம்பி உட்டுட்டா, அடுத்த வூட்லயும் என்னை நம்ப வெப்பாங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “எங்கம்மா மூணு வாட்டி புகார வாபஸ் வாங்குனாங்க மேடம். மூணு வாட்டியும் ஒரு ஆபீசரு பாவம் பாத்து ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்பறம் வாபஸ் வாங்க அம்மா இல்ல. நான் காலேஜ்ல உங்க ஒம்பதாம் பிரிவப் படிச்சுட்டு, லைப்ரரியிலயே உக்காந்து அழுதேன். அதுக்கப்பறந்தான் இந்த வேலைக்கே எழுதிப் போட்டேன்.”

பிருந்தாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அறையவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல், “ஆர்டர வாசி” என்றாள்.

யாழிசை எழுந்து நின்று வாசித்தாள். இன்று முதல் ஓராண்டுக்கு, பாதிக்கப்பட்டவரின் உடைமை எதுவும் உள்ள இடத்தில் எதிராளி தங்கவோ, அவ்வுடைமையின் அருகே செல்லவோ கூடாது. தங்க இடமில்லாத எதிராளிக்குக் கோவையில் விலக்கு விடுதி. எதிராளியின் துணிமணிகூடப் பாதிக்கப்பட்டவர் பேரில் இருக்கக்கூடும் என்பதால், உடுத்திப் போக ஒரு ஜோடி அரசாங்கச் சட்டையும் கைலியும் கொண்டுவந்திருந்தாள்.

“விடுதிக்கு வந்து பாக்கலாமா?” என்று கேட்டார் லோகேஷ்.

“மாசம் ஒருக்கா சார். நடுவுல தடுப்பு இருக்கும்.”

லோகேஷ் சரி என்பது போலத் தலையாட்டினார். தலை அதற்குப் பின்னும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

பிருந்தா, அந்த ஆணையை இன்னொரு தடவை வாசி என்றாள். யாழிசை வாசித்தாள்.

“இதுல என் உடைமையப் பத்தித்தான் இருக்குது. என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையே கண்ணு?”

“உங்களுக்கு என்ன தடை மேடம்? நீங்க பாதிக்கப்பட்டவங்க. பாதிக்கப்பட்ட பொண்ணு எங்க இருக்கணும், யாருகூட இருக்கணும்னு எந்த ஆபீசரும் சொல்லக் கூடாதுன்னு எழுதுனதே நீங்கதான?”

“அப்ப நான் இவருகூட இருக்கலாம்.”

“இருக்கலாம். உங்க உடைமை எதுவும் இருக்கக் கூடாது. அது எப்படி மேடம்...” யாழிசை பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

லோகேஷுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. “அம்மிணி, வேண்டாம். இது உன்ற வூடு. பொம்பளைக்குன்னு ஒரு வூடு, நாலு சாமான் இருக்கோணும்னுதான ஆயுசெல்லாம் சண்டை போட்ட?”

“வூடு இங்கயேதான இருக்கும்? பூட்டிட்டுப் போனா பத்தரமா இருக்கும். சாமான் பத்தரமா இருக்கோணும், அவ்வளவுதான மாமா சட்டத்துக்கு.”

யாழிசை அவளைத் தனியாகப் படுக்கையறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். “மன்னிச்சுக்குங்க மேடம், நான் கேட்டே ஆகணும். அவரு சொல்லி, அவருக்குப் பயந்து இதச் செய்யறீங்களா?”

“நல்லாக் கேட்ட,” என்றாள் பிருந்தா. “இப்புடித்தான் கேக்கோணும். எல்லாருகிட்டயும் கேக்கோணும். இல்ல கண்ணு. அவருக்குப் பயந்து இல்ல. அவரு இல்லாம இருக்கறதுக்குத்தான் பயம்.”

யாழிசையின் போனிலிருந்தே தாராபுரத்தில் இருந்த ஹரிணியைக் கூப்பிட்டார்கள். அவள் இப்போது பெரிய தையல் கடை வைத்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே மூச்சில் பேசினாள். “வாங்கக்கா! கடைக்குப் பின்னால ரூம்பு சும்மாதான் கெடக்குது. பாய், தட்டு, டம்ளர் எல்லாம் எம்பேர்லதான் இருக்குது. அண்ணன் எத்தன உடைச்சாலும் கேசு வராது, நான் ஒரே வூட்டு ஆளு இல்லையில்ல? உடைக்க உடைக்க வாங்கி வெக்கறேன். அழுவாச்சியா வராம சிரிச்சுட்டு வாங்க.”

சட்டம் ஒரே வீட்டாருக்குத்தான். அடுத்தவர் பொருளை இரவல் வாங்கி உடைத்தால் அது வெறும் நஷ்டம். இத்தனை வருடத்தில் பிருந்தா இதை யோசித்ததே இல்லை.

யாழிசை ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு சுடிதாரை எடுத்து வந்தாள். “இது இரவல் மேடம். குடுத்தேன்னா உங்க பேருக்கு மாத்தணும். அதனால திருப்பித் தரணும், மறந்தறாதீங்க.” பிருந்தா சேலையைக் களைந்து அதைப் போட்டுக்கொண்டாள். காலேஜ் நாட்களுக்குப் பிறகு சுடிதாரில் தன்னைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. லோகேஷ் அரசாங்கச் சட்டையில் நின்றார். சட்டை முதுகில் ‘எறிய மாட்டேன்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட நாடகத்துக்கு வேஷம் கட்டிய பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

கிளம்பும் முன் கருவியால் ஒரு தடவை தடவிப் பார்க்க வேண்டும் என்பது விதி. லோகேஷிடம் ஒன்றும் இல்லை. பிருந்தாவின் காதருகே கருவி கிணுங்கியது; தோட்டைக் கழற்றினாள். கையருகே கிணுங்கியது, வளையலைக் கழற்றினாள். காலருகே கிணுங்கியது, குனிந்து மெட்டியை உருவினாள். நிமிர்ந்தபோது கழுத்தருகே கிணுங்கியது.

யாழிசை கருவியைக் கீழே இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

“நகைக்குத்தான் மேடம் மொதல்ல பொட்டு வெச்சது,” என்று மெல்லச் சொன்னாள்.

“நாந்தான் வெக்கச் சொன்னேன். பொண்டாட்டி கழுத்துல கெடந்தத அத்துட்டுப் போயி வித்தவனுங்கள நான் எத்தன பேரப் பாத்திருக்கறேன்.”

பிருந்தா தாலியைப் பற்றிப் பெரிதாக நினைத்தவள் இல்லை. மேடைகளில் அதைக் கிண்டல் செய்து பேசியும் இருக்கிறாள். இருந்தாலும் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. கட்டியவர் எதிரில் நிற்கும்போதே, அவரோடு போவதற்காகவே இதைக் கழற்றுகிற மகராசி தன்னைத் தவிர வேறு யார் இருக்கப் போகிறாள் என்று தோன்றியது.

லோகேஷ்தான் பேசினார். “அதக் கட்டறப்பவும் எனக்குக் கை நடுங்குச்சு அம்மிணி. எங்கக்கா பின்னால நின்னு புடிச்சுக்கலீன்னா அன்னைக்கே கீழ போட்டிருப்பேன். கழட்டு. அது இல்லீன்னா நீ எனக்கு யாருமில்லாமப் போயிருவியா?”

அவள் தலைவழியாகக் கழற்றி, பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். யாழிசை வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பஸ் கிளம்பும் வரை கீழே நின்றாள். மேல்முறையீட்டுக்குத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள்.

லோகேஷ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிருந்தா நடுவில். ஓரத்தில் தக்காளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகத் தொடங்கியதும், அந்த அம்மாள் பிருந்தாவின் வெறும் காதைப் பார்த்தாள், வெறும் கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“வூட்டுக்காரரு காலமாயி எத்தன நாளாச்சுங்க?”

பிருந்தா வாயைத் திறப்பதற்குள் லோகேஷ் ஜன்னல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “நாந்தானுங்க அந்த வூட்டுக்காரரு.”

அந்த அம்மாள் தக்காளிப் பையை நழுவவிடப் பார்த்தாள். “அட கெரகமே! அப்பறம் எதுக்குங்க கழுத்த இப்புடி மூளியா வெச்சுட்டு வர்றீங்க?”

“இவருகூட இருக்கோணும்னா அதக் கழட்டி வெக்கோணுமுங்க. சட்டம் அப்புடி.”

“இதென்னங்க கூத்தா இருக்குது! எந்தக் கூறுகெட்டவ எழுதுன சட்டமுங்க அது?”

“நாந்தானுங்க எழுதுனேன்,” என்றாள் பிருந்தா.

அந்த அம்மாள் தக்காளிப் பையை இறுக்கிக்கொண்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், கேட்காமலே பிருந்தா சொன்னாள். “நல்ல சட்டமுங்க. எடுக்கச் சொல்ல மாட்டேன். இன்னுங் கொஞ்சம் யோசிச்சு எழுதியிருக்கலாம்.”

லோகேஷ் தொடைக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தார். அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விட்டால் விழுந்துவிடுமே என்ற பயம் இல்லாமல், நன்றாக இறுக்கிப் பிடித்திருந்தார். பிருந்தா அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். தாராபுரம் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. பஸ்ஸின் குலுக்கல் எது, அவர் கையின் நடுக்கம் எது என்று எந்தப் பொட்டாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.